பெட்டி வாசலில் இரண்டாவது ஆள்

"எழுபத்துநாலு செய்தி காணோம், டீரா. சாயங்காலம் நாலு மணிக்குள்ள யார் எடுத்தாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

ஈரக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டபடியே சோல்வெய் இதைச் சொன்னாள். வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி. ஸ்வீடனின் கடலோர ஊரான கார்ல்ஸ்க்ரூனாவில் விடிந்ததிலிருந்து தூறல் விடவில்லை.

டீரா அவசரப்படுகிற பெண்மணி அல்ல. நாற்பது வருஷம் தொலைபேசித் துறையில் கோளாறு தேடியவர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எந்தக் கம்பியில் எங்கே பழுது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு மனிதர்களின் பழுதுகளும் அவரைத் தேடி வர ஆரம்பித்தன. மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த பெக்கா மாடி வீட்டுக்காரர், பழைய பஸ் ஓட்டுநர். டீராவுக்கு வருகிற ஒவ்வொரு வழக்குக்கும் புது நோட்டுப் புத்தகம் வாங்கிவிடுவார்.

"முதல்ல காபி குடிங்க" என்று டீரா பாதாம் பிஸ்கட் தட்டை நகர்த்தினார்.

"காபி போதும். கொட்டை வகை எதுவும் எனக்கு ஆகாது, தொண்டை அடைச்சுக்கும்."

"செய்தின்னா? யாருக்கு யார் அனுப்பின செய்தி?" பெக்கா பேனாவைத் திறந்தாயிற்று.

"மென்பொருளுக்கு மென்பொருள் அனுப்பினது. தீவு மருத்துவப் படகுச் சேவையில வேலை பாக்கறேன். ஒரு தீவுல யாராவது விழுந்துட்டா, அழைப்பு எடுக்கிற அறைல ஒரு மென்பொருள்ல பதியறாங்க. அது படகுல இருக்கிற மென்பொருளுக்குச் சொல்லணும். ரெண்டும் வேற வேற கம்பெனி செஞ்சது. எந்த வழியில பேசிக்கணும்கறதுதான் இப்பச் சண்டை."

"எத்தனை வழி இருக்கு?"

"போட்டியில ரெண்டு. ஒண்ணு நேர்வழி. கதவைத் தட்டற மாதிரி. தட்டி, 'இந்த நோயாளியை எடுத்துட்டு வா'ன்னு சொல்லிட்டு, அந்தப் பக்கம் 'சரி'ங்கற வரைக்கும் வாசல்லயே நிக்கும். உள்ள ஆள் இல்லேன்னா 'ஆள் இல்ல'ன்னு திரும்பி வந்துடும். அது எங்க அலுவலகத்து ஃபோல்கேயோட வழி. என்னோடது தபால் பெட்டி மாதிரி. போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம். படகு ஒரு தீவுக்குப் பின்னால போய் சிக்னல் அறுந்துச்சா, ஒண்ணும் ஆகாது; வெளிய வந்ததும் பெட்டியிலேர்ந்து எடுத்துக்கும். 'கிடைச்சுது'ன்னு அது சொன்ன பிறகுதான் பெட்டி அந்தச் செய்தியை அழிக்கும்."

"எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு. பஸ்ல இருபத்தெட்டு வருஷம் கதவைத் தட்டறவங்களைப் பாத்தாச்சு."

"போன வியாழக்கிழமை ரெண்டுக்கும் பரீட்சை வச்சாங்க. படகைத் துறைல கட்டிப் போட்டு, அலுவலகத்துக்குள்ளயே. அங்கயே எனக்குக் கோவம். கடலுக்குப் போகாம என்ன பரீட்சை? மத்தியானம் ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும், அரை நிமிஷத்துக்கு ஒண்ணா முந்நூத்தறுபது செய்தி. ஃபோல்கேயோட வழியில எல்லாம் போய்ச் சேர்ந்துச்சு. என்னோடதுல எழுபத்துநாலு போகல. இன்னிக்கு நாலு மணிக்குக் குழு கூடி முடிவெடுக்குது. 'ஒரு செய்தியும் தொலையாது'ன்னு பதினோரு வருஷமாச் சொல்லிட்டு இருக்கேன். இன்னிக்கு என்னைப் பொய்க்காரின்னு எழுதிட்டு நேர்வழியை வச்சிடுவாங்க. நான் குடியிருக்கிறதே சிக்னல் எட்டாத தீவுல, டீரா. அங்க படகு வந்து நின்னா ஃபோல்கேயோட தட்டல் அதுக்குக் கேக்காது."

பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்து விரித்தாள். டீரா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு மணி வரைக்கும் எல்லாம் வந்திருக்கு."

"ஆமா. அப்புறம் ஒண்ணு விட்டு ஒண்ணு காணோம். நூத்திருபத்திரண்டு இல்ல, நூத்திருபத்திமூணு இருக்கு, அடுத்தது இல்ல. 'உன் பெட்டிக்கு இரட்டைப்படை எண்ணே ஆகாது போலருக்கு'ன்னு ஃபோல்கே எல்லார் முன்னாடியும் சிரிச்சான்."

"மூணு இருபத்திநாலுக்கு அப்புறம் ஒற்றைப்படைதான் காணோம்" என்றார் டீரா, நிமிராமலே. "எண்ணுல கோளாறு இல்ல."

"இல்லவே இல்ல. பெட்டி வாசல்ல ரெண்டு பேர் நின்னா, சீட்டு போடற மாதிரி அது மாத்தி மாத்திப் போடும். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. வேலையைப் பங்கு போட்டுக்கறதுக்காக நாங்களே வச்ச ஏற்பாடு. யாரோ ரெண்டாவது ஆளா வந்து நின்னு, வாங்கி, 'கிடைச்சுது'ன்னு சொல்லி, தூக்கி எறிஞ்சிருக்கான்."

"நாங்கன்னா?"

"நானும் ஹில்டிங்கும். பதினெட்டு வருஷமா ஒரே அறை."

"பெட்டியோட பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

சோல்வெய் கோப்பையைப் பார்த்தாள். "என்கிட்ட. ஹில்டிங்கிட்ட. பரீட்சைக்காக சீவ்கிட்ட ஒரு மூடின உறைல. சீவ்தான் பரீட்சையை நடத்தினவ. அன்னிக்குப் பூரா ஃபோல்கே அவ பக்கத்துலயே உக்காந்திருந்தான். உறையைப் பிரிச்சு ஒட்டறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதைத்தான் நீங்க நிரூபிக்கணும்."

"ஃபோல்கேதான்" என்று பெக்கா எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டார்.

"யார் யார் வந்து நின்னாங்கன்னு பெட்டி எழுதி வச்சிருக்குமே?"

"அன்னிக்குச் சாயங்காலமே எல்லாத்தையும் அழிச்சாச்சு. நோயாளிங்க பேர் இருக்கு, வச்சிருக்கக் கூடாதுன்னு விதி. மிச்சம் இந்தக் காகிதம்தான்."

டீராவின் விரல் பட்டியலின் நடுவில் நின்றது. "இது என்ன? நூத்தித் தொண்ணூத்தெட்டும் இருநூறும் ஒரு நிமிஷம் தாமதமா ரெண்டு நாப்பதுக்கு வந்திருக்கு. பக்கத்துல 'இரண்டாம் முறை'ன்னு இருக்கு. அதுலேர்ந்து மூணு இருபத்திநாலு வரைக்கும் ஒண்ணுமே தொலையல."

"திருடனுக்கு நடுவுல பயம் வந்திருக்கும். நான் அதைக் கண்டுக்கல. அந்த நேரம் காபி அறைல இருந்தேன். அன்னிக்குத் துறைலதான் வேலை, மூணு மணிக்கு மேலதான் உள்ள வந்தேன். தட்டுல துண்டு வச்சிருந்துச்சு. ருபார்ப் தண்டு போட்ட கேக். ஜெயிச்சிட்டோம்னு நினைச்சு ரெண்டு துண்டு சாப்பிட்டேன்." அவள் சிரிக்க முயன்றாள், வரவில்லை.

டீரா பட்டியலை மடித்தார். "ஒண்ணு சொல்லிடறேன். கண்டுபிடிச்சா, அது யாரா இருந்தாலும் உரக்கச் சொல்லுவேன். ஃபோல்கேயா இல்லாமலும் இருக்கலாம்."

"ஃபோல்கேதான்" என்றாள் சோல்வெய், கொஞ்சம் வேகமாகவே.

மத்தியானம் இரண்டு மணிக்கு மூவரும் துறைமுகத்து அலுவலகத்துக்குப் போனார்கள். நீள அறை, எட்டு மேசைகள், ஜன்னலுக்கு வெளியே கட்டிப் போட்ட இரண்டு படகுகள். ஆள் இல்லாத மேசைகளில் லேப்டாப்புகள் ஒன்று விடாமல் மூடிக் கிடந்தன. ஒவ்வொரு மேசையிலும் ஒரே கையெழுத்தில் ஓர் அட்டை: 'எழுந்தால் மூடு.'

"உங்க கையெழுத்தா?" என்று டீரா கேட்டார்.

"என்னோடதுதான். நோயாளி விவரத்தைத் திறந்து போட்டுட்டுப் போகக் கூடாதுன்னு ஆறு வருஷமாக் கத்தறேன்."

"ஆறு வருஷமா நானும் கேக்காத மாதிரி நடிக்கறேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஃபோல்கே. சிவந்த தாடி, கையில் பாதி கடித்த ஆப்பிள். அவன் லேப்டாப் வாய் பிளந்து கிடந்தது. திரையில் பனிச்சறுக்குப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. "வாங்க தாயே, போலீஸோட வந்திருக்கீங்களா?"

"தொலைபேசித் துறை" என்றார் டீரா. "உங்க மூடி எப்பவுமே இப்படித்தானா?"

"நாலு வருஷமாச்சு அதை மூடி. இப்ப மூடினா கீல் உடைஞ்சுடும்."

பெக்கா காதில் கிசுகிசுத்தார்: "திமிரைப் பாத்தீங்களா? குற்றவாளி முகம்."

பரீட்சை நடந்த கண்ணாடி அறையில் சீவ் இருந்தாள். ஒல்லியான, கண்டிப்பான பெண்மணி. அவள் முன்னால் இருந்தது லேப்டாப் அல்ல. பெரிய திரையும் மேசைக்கடியில் பெட்டியுமாகப் பழைய காலத்துக் கம்ப்யூட்டர்.

"மூணு மணி நேரமும் இந்த நாற்காலியை விட்டு நகரல. காபியைக்கூட இங்கயே கொண்டுவந்து குடுத்தாங்க. உறை என் மேசையறைல பூட்டி இருந்துச்சு. முத்திரை உடையல, வேணும்னா பாருங்க."

டீரா பார்த்தார். அரக்கு அப்படியே இருந்தது.

"திரும்ப ஒட்டியிருக்கலாம்" என்றார் பெக்கா.

"அரக்கைத் திரும்ப ஒட்ட முடிஞ்சா எனக்கும் கத்துக் குடுங்க."

உறை உடையவில்லை என்றால்? சோல்வெய் மேலே யோசிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹில்டிங் அவளுடைய அறையில் காத்திருந்தான். நெடிய உருவம், தாழ்ந்த குரல். "காலைலேர்ந்து எங்க போயிட்ட? சாப்பிட்டியா?" என்றான். அவளுடைய மேசையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. "ஏலக்காய் பன். கீழ கடையில வாங்கினேன். காபிக்கு எடுத்துக்கோ."

"இவர்தான் டீரா. யாரு நம்ம பெட்டி வாசல்ல நின்னாங்கன்னு சொல்லப் போறாங்க."

"நல்லது" என்றான் ஹில்டிங். கை கொடுத்தான்.

காபி அறையின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் வியாழக்கிழமைப் பட்டியல் ஒட்டியிருந்தது. பெக்கா அதைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதிக்காத குறையாக டீராவிடம் வந்தார். "வாராவாரம் ஒருத்தர் கேக் கொண்டுவரணுமாம். அவரே முன்னாடியே போய் வாங்கிட்டு வந்து, மேசை போட்டு, கடைசியில கோப்பையெல்லாம் கழுவி வச்சிட்டுத்தான் இடத்துக்குத் திரும்பணும். ரெண்டு நாப்பதுலேர்ந்து மூணு இருபத்திநாலு. கணக்கு சரியா இருக்குல்ல? போன வாரம் யார் பேர்னு பாருங்க."

பட்டியலில் போன வாரத்துக்கு நேரே ஃபோல்கே என்றும், இந்த வாரத்துக்கு நேரே ஹில்டிங் என்றும் இருந்தது.

சோல்வெய் அந்தப் பெயரில் விரலை வைத்தாள். "நான் சொல்லல?"

"பெக்கா, இது ரொம்ப நல்ல வேலை" என்றார் டீரா. "மூணு மணிக்கு எல்லாரையும் இங்க உக்காரச் சொல்லு. சீவையும்தான்."

மூன்று அடித்தபோது கதவை முதுகால் தள்ளிக்கொண்டு ஒருவன் நுழைந்தான். கையில் கடைப் பெட்டி. மூடியில் பெரிய படம்: சாக்லேட், மேலே வறுத்த ஹேசல் கொட்டை.

டீரா கோப்பையைக் கீழே வைத்தார். "ஃபோல்கே, பட்டியல்ல இன்னிக்கு ஹில்டிங் பேர் போட்டிருக்கே?"

"போன வாரம் என் முறையை அவன் எடுத்துக்கிட்டான். அதனால இன்னிக்கு நான்." ஃபோல்கே பெட்டியைப் பிரித்தான். "'உனக்குப் பரீட்சை இருக்கு, நீ அலைய வேண்டாம், நான் வாங்கிட்டு வர்றேன்'னான். எதிரிக்கு இவ்வளவு நல்லது பண்றவனை நான் பாத்ததில்ல."

சோல்வெய் ஹில்டிங்கைப் பார்க்கவில்லை. மனசுக்குள் ருபார்ப் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள், போன வாரத்துத் தட்டில், வனிலாச் சாற்றோடு.

"சோல்வெய், ஃபோல்கே முறை வர்றப்ப நீங்க என்ன சாப்பிடுவீங்க?" டீராவின் குரல் மெதுவாக இருந்தது.

"வெறும் காபி" என்றாள். "எப்பவும் கொட்டைதான் வாங்குவான். ஞாபகமே இருக்காது அவனுக்கு."

"ஆனா போன வாரம் ரெண்டு துண்டு சாப்பிட்டீங்க. பட்டியல்ல ஃபோல்கே பேரைப் பாத்ததுமே எனக்கு இது உறுத்துச்சு. கொட்டை இல்லாத கேக்கை ஒருத்தர் தேடிப் போய் வாங்கியிருக்கார்."

"கேக்குக்கும் செய்திக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் சீவ்.

"சொல்றேன். ரெண்டாவது ஆள் வாங்கி 'கிடைச்சுது'ன்னு சொன்ன செய்தியைப் பெட்டி அழிச்சிடும். சரியா, சோல்வெய்? ஆனா வாங்கினவன் பதிலே சொல்லாம திடீர்னு மயங்கிட்டா?"

பதினோரு வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகின பாடம். நாக்கு தானாகச் சொல்லியது. "பெட்டி ஒரு நிமிஷம், ஒண்ணரை நிமிஷம் பாக்கும். மூச்சு இல்லேன்னா, அவன்கிட்ட குடுத்ததைத் திரும்ப எடுத்து அடுத்த ஆளுக்குக் குடுத்துடும். 'இரண்டாம் முறை'ன்னு குறிச்சு."

"ரெண்டு முப்பத்தெட்டுக்கு ரெண்டாவது ஆள் மயங்கினான். கைல இருந்த ரெண்டு செய்தி ரெண்டு நாப்பதுக்குத் திரும்பி வந்துச்சு. மூணு இருபத்திநாலுக்கு அவன் முழிச்சுக்கிட்டான், தானாவே திரும்ப வாசல்ல வந்து நின்னான். பயந்து நிறுத்தறவன் இப்படிப் பாதியில விட மாட்டான், ஒழுங்கா முடிச்சிட்டுப் போவான். இது லேப்டாப் மூடியை மூடினதுனால வந்த மயக்கம். ஃபோல்கேயோட மூடி நாலு வருஷமா மூடினதில்ல. சீவோட கம்ப்யூட்டருக்கு மூடியே கிடையாது. சோல்வெய்யோடது மூடித்தான் இருந்திருக்கும், அவங்க மூணு மணி வரைக்கும் துறைல. பாஸ்வேர்டு தெரிஞ்சு, எழுந்தா மூடற பழக்கமும் இருந்து, கேக் வாங்கவும் கோப்பை கழுவவும் போனவர் ஒருத்தர்தான்."

பெக்கா நோட்டில் அடிக்கோடிட்ட பெயரைச் சத்தமில்லாமல் அடித்தார்.

"மூடாமலே போயிருக்கலாமே" என்றான் ஃபோல்கே, நம்ப முடியாமல்.

ஹில்டிங் தன் கைகளைப் பார்த்தான். "யோசிக்கவே இல்ல. எழுந்தேன், மூடினேன்."

"கேக் வாங்க ஏன் போன?" சோல்வெய்யின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "என் பதினோரு வருஷத்தை எறிஞ்சுட்டு இருக்கிறப்ப, எனக்குக் கேக் வாங்க ஏன் போன?"

"அவன் முறை. நீ பட்டினியா உக்காந்திருப்ப."

"நேரா என்கிட்ட சொல்லியிருக்கலாம். இந்த வழி வேணாம்னு."

"சொன்னேன். நவம்பர்ல, ஸ்டென்ஷேர் தீவுல ஏணியிலேர்ந்து விழுந்தாரே, அந்த மனுஷனோட செய்தி முப்பத்தேழு நிமிஷம் பெட்டியிலயே கிடந்துச்சு. படகு பாறைக்குப் பின்னால இருந்துச்சு. அழைப்பு அறைல 'அனுப்பியாச்சு'ன்னு பச்சை விளக்கு. அவங்க நிம்மதியா இருந்தாங்க. தட்டற வழியா இருந்தா அரை நிமிஷத்துல 'ஆள் இல்ல'ன்னு தெரிஞ்சிருக்கும், வேற படகை அனுப்பியிருப்பாங்க. படகுல வச்சுச் சொன்னேன். கார்ல சொன்னேன். உன் சமையலறைல உக்காந்து சொன்னேன். ஒவ்வொரு தடவையும் 'வந்து சேர்ந்துச்சுல்ல'ன்ன. அறிக்கைல 'எந்தச் செய்தியும் தொலையவில்லை'ன்னு எழுதின. 'கிடைச்சுது'ன்னு சொல்லிட்டுப் பிரிக்காமலே எறிஞ்சது நீதான், சோல்வெய். நான் அதைத்தான் திரும்பப் பண்ணேன்."

"குழுகிட்ட எழுதியிருக்கலாமே" என்றார் டீரா.

"எழுதினா அவ பேர் போயிருக்கும்."

"இப்ப?" என்றாள் சோல்வெய். "இப்ப என்ன மிச்சம் வச்சிருக்க? ஒரு வாரமா என் எதிர்லயே உக்காந்து ஃபோல்கேயைத் திட்டறதைக் கேட்டுட்டு இருந்த. 'பாவம், அவனா இருக்காது'ன்னு ஒரு வார்த்தை வரல."

ஃபோல்கே, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஒரு கேலியும் செய்யாமல் கேக் பெட்டியை மூடினான்.

நாலு மணிக்குக் குழு கூடியது. சோல்வெய் எழுந்து முதலில் படித்தது திருட்டை அல்ல, முப்பத்தேழு நிமிஷத்தை. தேதி, தீவு, படகு, தான் அறிக்கையில் எழுதாமல் விட்ட வரி. அப்புறம்தான் டீரா படித்துக் காட்டிய பட்டியலை வைத்தாள். ஹில்டிங் தானே எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளையும் வைத்தாள். குழு பரீட்சையைத் தள்ளுபடி செய்தது. ஜூன் மாதம் கடலில், பாறைகளுக்குப் பின்னால் படகை நிறுத்தி மறுபரீட்சை. எந்த வழியானாலும், செய்தி எடுக்கப்படாமல் கிடந்தால் ஒரு நிமிஷத்தில் அனுப்பியவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"அப்ப பாதி நான் ஜெயிச்சேன்" என்றான் ஃபோல்கே வெளியே வந்ததும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, கால்வாசி" என்றான்.

கோட்டை எடுக்க அறைக்குத் திரும்பினாள். ஹில்டிங் தன் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தான். பதினெட்டு வருஷம் ஒரு அட்டைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. லேப்டாப் மூடியிருந்தது. பிரிக்காத காகிதப் பொட்டலம் அவள் மேசையிலேயே இருந்தது.

"எடுத்துட்டுப் போ" என்றான். "படகுல பசிக்கும்."

அவள் பொட்டலத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கிடைச்சுது" என்றாள்.

துறையில் மழை நின்றிருந்தது. ஐந்து பத்துக்குக் கிளம்பும் படகின் மணி அடித்தது. ஏறுவதற்கு முன் அங்கிருந்த குப்பைத் தொட்டியில் பொட்டலத்தைப் பிரிக்காமலே போட்டாள்.